நாலே அயிட்டம் சாப்பிடுற ஆட்டிசம் பிள்ளை: லிஸ்ட்டு சுருங்காம பாத்துக்கறது எப்படி

பசி வந்தா பத்தும் பறந்து போயிரும்னு சொல்லுவாங்க. எங்க பையன் விஷயத்துல பத்தும் பறந்துச்சு, தட்டு மேல இருந்த பயம் மட்டும் பறக்கல. அப்ப அவனுக்கு நாலு வயசு. பிரெட், சிப்ஸ், பிஸ்கட், வாழைப்பழம், பால், வறுத்த உருளைக்கிழங்குனு ஆறே அயிட்டம்தான். "ரெண்டு வேளை பட்டினி போடுங்க, தானா வழிக்கு வருவான்"னு நல்லது நினைக்கிற ஒருத்தர் சொல்ல, நாங்களும் புத்தி கெட்டுப்போய் போட்டுப் பாத்தோம். ஒரு நாள் முழுக்க தண்ணி மட்டும் குடிச்சான், அழக்கூட இல்ல, மறுநாள் காலைல சோபால சுருண்டு படுத்திருந்தவனை பாத்து பயந்துபோய் வாழைப்பழத்தை உரிச்சு நீட்டுனா அதையும் தள்ளிவிட்டுட்டான். அந்த வாழைப்பழம் திரும்ப அவன் வாய்க்குள்ள போக ரெண்டு வருஷம் ஆச்சு. ஆறு அஞ்சாச்சு, எங்க பட்டினி வைத்தியத்தோட பலன் அவ்வளவுதான்.

இப்ப அவனுக்கு 15. நடுவுல எனக்கும் ஆட்டிசம்னு தெரிஞ்சுது, அவனை காட்டப் போன இடத்துல கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் "இதுல என்ன அதிசயம், எனக்கும் அப்படித்தானே"னு நான் சொல்லிட்டே இருந்ததுல ஆரம்பிச்ச கதை அது. அதனால ஊட்டுறவன் பக்கமும் தெரியும், வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கறவன் பக்கமும் தெரியும். நான் டாக்டர் இல்ல. ஆனா 11 வருஷத்துல கத்துக்கிட்டதுல முக்கியமானது என்னன்னு கேட்டா ஒண்ணுதான்: சாப்பிடுற லிஸ்ட்டை வளர்க்கறது ரெண்டாவது வேலை, இருக்கறது சுருங்காம காப்பாத்தறதுதான் முதல் வேலை. எல்லாரும் இதை தலைகீழா பண்ணுறோம்.

அடமா, வேற ஏதாவதா

ரெண்டு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் புதுசா எதைக் காட்டினாலும் வேணாம்னு சொல்றது சாதாரண பிள்ளைங்ககிட்டயும் உண்டு, அது வளர வளர போயிரும். ஆட்டிசத்துல அது போகாம தங்கிடுது, சில பேருக்கு கூடவும் செய்யுது. இது இப்ப வந்த புது விஷயமும் இல்ல, ஆட்டிசத்தை முதல்ல விவரிச்சவங்கள்ல ஒருத்தரான மனநல டாக்டர் லியோ கானர் 1943-ல எழுதுன கட்டுரையிலயே, தான் பாத்த 11 பிள்ளைங்கள்ல பல பேருக்கு கைக்குழந்தையா இருந்தப்பவே சாப்பாட்டுல தகராறு இருந்ததுன்னு குறிச்சிருக்காரு. வெளில இருந்து உள்ள வர்ற முதல் தொந்தரவே சாப்பாடுதான்னு அவர் பாத்த மாதிரி பாத்தா நிறைய புரியும். 2013-ல பல ஆய்வுகளை ஒண்ணா சேத்து பாத்ததுல, மத்த பிள்ளைங்களை விட ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு சாப்பாட்டு பிரச்சனை வர வாய்ப்பு அஞ்சு மடங்குன்னும், கால்சியமும் புரதமும் கம்மியா உள்ள போகுதுன்னும் தெரிஞ்சுது.

இது ஒரு அளவுக்கு மேல போனா அதுக்கு தனி பேரே இருக்கு, ஆர்ஃபிட். தவிர்க்கிற, குறுக்கிக்கிற சாப்பாட்டுக் கோளாறுன்னு வெச்சுக்கங்க. அமெரிக்க மனநல மருத்துவர்களோட டிஎஸ்எம்-5ங்கற நோய் வகைப்பாட்டு புத்தகத்துல 2013-ல வந்துச்சு, உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11ங்கற நோய்ப் பட்டியல்லயும் இருக்கு, அது 2022-ல நடைமுறைக்கு வந்துச்சு. இதுல உடம்பு இளைக்கணும், ஒல்லியா தெரியணும்ங்கற எண்ணம் கிடையாது, அதுதான் அனோரெக்சியாவுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம். பொதுவா மூணு வழியா வரும்: வாசனை, தொடுஉணர்வு, ருசி தாங்க முடியாம தவிர்க்கறது, பசியே சரியா தெரியாம சாப்பாட்டுல நாட்டமில்லாம இருக்கறது, தொண்டைல அடைச்சிரும் வாந்தி வந்துரும்னு பயந்து ஒதுக்கறது. ஒரே ஆளுக்கு மூணும் சேந்தும் இருக்கலாம். எடை குறையுது இல்ல பிள்ளைக்கு வளர்ச்சி நிக்குது, சத்துக்குறை வந்துருச்சு, சத்து பானமோ சாப்பாடு ஏத்துற டியூபோ இல்லாம ஓட்ட முடியல, இல்ல வெளிய போக வர, நாலு பேரோட இருக்க முடியாத அளவுக்கு வாழ்க்கை மாட்டிக்குச்சு, இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டர்கிட்ட அந்த பேரைச் சொல்லியே கேளுங்க. "ஃபஸ்ஸியா சாப்பிடுறான்"னு சொன்னா "வளந்தா சரியாயிரும்"னு அனுப்பி வெச்சிருவாங்க, எங்களை மூணு தடவை அப்படி அனுப்பி வெச்சாங்க.

மொதல்ல உடம்பை பாருங்க, அப்புறம் தட்டை

தெரபி, சார்ட்டு, ஸ்டிக்கர் எல்லாத்துக்கும் முன்னாடி இது. வயித்துல மலம் கட்டிக்கிட்டு இருந்தா யாருக்குத்தான் சாப்பிட தோணும்? ஆட்டிசம் உள்ளவங்களுக்கு மலச்சிக்கல் ரொம்ப சகஜம், அதுலயும் நார்ச்சத்தே இல்லாத அஞ்சு அயிட்டம் சாப்பிடுறவங்களுக்கு கேக்கவே வேணாம், சாப்பாடு சரியில்லாததால மலச்சிக்கல், மலச்சிக்கலால சாப்பாடு வேணாம்னு சுத்திக்கிட்டே இருக்கும். அதை சரி பண்ணுன மாசத்துலயே எங்க பையன் அளவு கூடுச்சு, புதுசா ஒண்ணும் சேக்கல, இருக்கறதையே கூட சாப்பிட்டான். பல் சொத்தை, நெஞ்செரிச்சல், உணவு அலர்ஜி, உணவுக்குழாய் வீக்கம், பெரிய டான்சில், இதெல்லாம் பாக்கச் சொல்லுங்க. வலிக்குதுன்னு வாயால சொல்லத் தெரியாத பிள்ளை சாப்பாட்டை தள்ளித்தான் சொல்லும். ஏடிஎச்டிக்கு, அதாவது கவனம் நிக்காத, துறுதுறுப்பு கூடுன கோளாறுக்கு, மெத்தில்ஃபெனிடேட் மாதிரி மாத்திரை எடுக்கறவங்களுக்கு பகல்ல பசியே இருக்காது, அப்ப மாத்திரைக்கு முன்னாடி காலைலயும் அது இறங்குன பிறகு ராத்திரியும் நல்லா குடுக்கறதுதான் வழி, டாக்டர்கிட்ட நேரத்தை பத்தி பேசுங்க.

வாய் வேலை செய்யற விதத்தையும் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் இல்லன்னா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பாத்தா நல்லது. நாக்கால உணவை ஒதுக்கி கடைவாய்க்கு தள்ளி அரைக்கறது ஒரு திறமை, அது வராத பிள்ளை இறைச்சியை துப்புனா அது அடம் இல்ல. கன்னத்துல அடக்கி வெச்சுக்கறது, மெல்லாம முழுங்கறது, குடிக்கும்போது இருமறது இதெல்லாம் கண்ணுல பட்டா சொல்லுங்க.

லிஸ்ட்டு எழுதுங்க, ஆனா எண்ண மட்டும் இல்ல

ஒரு பேப்பர் எடுத்து மூணு பத்தி போடுங்க. எப்பவும் சாப்பிடுறது, சில நாள் சாப்பிடுறது, முன்னாடி சாப்பிட்டு இப்ப விட்டது. மூணாவது பத்தியைத்தான் யாரும் எழுதமாட்டாங்க, டாக்டருக்கும் தெரபிஸ்ட்டுக்கும் ரொம்ப உபயோகப்படறது அதுதான். பிராண்டு, பாக்கெட் கலர், எந்த வடிவம், சூடா ஆறுனதா, எவ்வளவு முறுகினதுனு எல்லாத்தையும் எழுதுங்க, "பிரெட்"னு எழுதுனா பத்தாது, "வெள்ளை பிரெட், ஓரம் வெட்டினது, டோஸ்ட் பண்ணாதது"ன்னாதான் அது அவன் சாப்பிடுற பிரெட்.

எழுதி முடிச்சப்புறம் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல வாய்ல அது எப்படி இருக்குன்னு எழுதுங்க. இதுக்கு நம்ம பாஷை மாதிரி வசதி எதுலயும் இல்லன்னு நான் நினைக்கறேன். மொறுமொறு, கொழகொழ, வழவழ, பிசுபிசு, நறநற, சதசத, கரகர, மெத்துமெத்து. டயட்டீஷியன் குடுத்த நாலு பக்க ஃபார்ம்ல கிடைக்காத விவரம் எனக்கு இந்த எட்டு வார்த்தைல கிடைச்சுது. எங்க லிஸ்ட்ல முக்காவாசி மொறுமொறு, பால் மட்டும் வழவழ, கொழகொழ சுத்தமா இல்ல. வாழைப்பழம்கூட லேசா பச்சை வாடை அடிக்கிற கெட்டிப் பழம்தான், ஒரு கரும்புள்ளி வந்தா அது வேற பழம். அப்ப இத்தனை நாளா நான் மசிச்சு மசிச்சு குடுத்ததெல்லாம் வில்லன்கிட்டயே கொண்டுபோய் விட்ட மாதிரி.

இன்னொண்ணு, பாக்கெட்டுல வர்றது மட்டும் ஏன் சாப்பிடுறான்னு எல்லாரும் கேப்பாங்க. ஒரு பிஸ்கட் பாக்கெட்டுல பத்தாவது பிஸ்கட்டும் முதல் பிஸ்கட் மாதிரியே இருக்கும். திராட்சை அப்படியா, ஒண்ணு இனிக்கும், ஒண்ணு புளிக்கும், ஒண்ணு உள்ள சொதசொதன்னு இருக்கும். வாய்ல என்ன நடக்கப்போகுதுன்னு முன்கூட்டி தெரியாட்டி எனக்கு இன்னைக்கும் தோள்பட்டை இறுகிரும், 43 வயசுல. குழம்பு மாதிரி தண்ணிக்குள்ள கட்டி கிடக்கற எதுவுமே ரொம்ப கஷ்டம், குடிக்கணுமா மெல்லணுமான்னு வாய்க்கு ரெண்டு உத்தரவு ஒரே நேரத்துல வரும்.

இருக்கறதை காப்பாத்துங்க

இந்த ஒரு பகுதியை மட்டும் படிச்சுட்டு மிச்சத்தை விட்டாலும் பரவாயில்ல.

ஒளிச்சு வைக்காதீங்க. பாலுக்குள்ள மருந்து, சிப்ஸ் பொடிக்குள்ள காய்கறி பொடி, இதெல்லாம் ஒரு நாள் ஜெயிக்கும். கண்டுபிடிச்ச அன்னைக்கு போறது மருந்து இல்ல, பால். எங்க வீட்ல இரும்பு சிரப்பை பால்ல கலந்து மூணு மாசம் பால் இல்லாம இருந்தோம். கலக்கணும்னா சொல்லிட்டு கலங்க, அவன் கண்ணு முன்னாடி, அவன் சாதாரணமா குடிக்கற டம்ளர்ல இல்லாம வேற டம்ளர்ல.

ஒரே அயிட்டத்தை ஒரே மாதிரி தினமும் மூணு வேளையும் குடுத்தா ஒரு நாள் அது சலிச்சு போய் லிஸ்ட்டை விட்டே கிளம்பிரும், அப்படி போனது பல நேரம் திரும்பாது. அதனால முடிஞ்சவரைக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்தி வைங்க, இன்னைக்கு பிரெட்னா நாளைக்கு நூடுல்ஸ். அஞ்சே அயிட்டம் இருக்கற பிள்ளைக்கு இது முடியாது, தெரியும். அப்ப அதே அயிட்டத்துல தூசி அளவு மாத்தம் பண்ணுங்க, பிரெட்டை சதுரமா வெட்டுறதுக்கு பதிலா முக்கோணமா, வேற தட்டுல, ஒரு நிமிஷம் கூட டோஸ்ட் பண்ணி. மாத்தறதை முன்னாடியே சொல்லணும். முகம் மாறுச்சுன்னா விட்டுட்டு பழையபடி குடுங்க, தோத்துட்டதா நினைக்காதீங்க.

கம்பெனிக்காரன் பாக்கெட்டை மாத்துவான், ரெசிபியை மாத்துவான், சில நேரம் அந்த பொருளையே நிறுத்திருவான், நம்மகிட்ட கேக்கமாட்டான். கெடாத அயிட்டம்னா ஒரு மாசத்துக்கு ஸ்டாக்கு வைங்க. பழைய பாக்கெட்டை தூக்கி போடாதீங்க, புது கலர் பாக்கெட் வந்தா பொருள் அதேதானான்னு பின்பக்கம் பாத்துட்டு, ரெண்டையும் பக்கத்துல வெச்சு "உள்ள அதேதான், சட்டை மாத்திருக்கு"ன்னு காட்டலாம். நாங்க பிறகு எல்லாத்தையும் மூடி போட்ட டப்பாவுக்கு மாத்திட்டோம், அதனால பாக்கெட் மாறுனது அவனுக்கு தெரியவே தெரியாது. பொருளே மாறியிருந்தா மட்டும் மறைக்காதீங்க.

ஒதுக்குற டயட்டு எதையும் சொந்தமா ஆரம்பிக்காதீங்க. குளூட்டன் (கோதுமைல இருக்கற புரதம்) வேணாம், பால் வேணாம்னு ஆட்டிசத்துக்கு ஒரு டயட்டு ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு, அது ஆட்டிசத்தை மாத்தும்னு உறுதியான ஆதாரம் இல்ல. குளூட்டன் ஒத்துக்காத சீலியாக் நோயோ அலர்ஜியோ டெஸ்ட்ல தெரிஞ்சா அது வேற விஷயம். ஆறு அயிட்டம் சாப்பிடுற பிள்ளைகிட்ட இருந்து பிரெட், பிஸ்கட், பால்னு மூணை பிடுங்குனா மிச்சம் என்ன இருக்குன்னு எண்ணிப்பாருங்க.

அப்புறம் இந்த "ஒரே ஒரு வாய்". அந்த வார்த்தையை எங்க வீட்ல தடை பண்ணிட்டோம். ஒரு வாய்க்கு அப்புறம் இன்னொரு வாய் வரும்னு பிள்ளைக்கு தெரியும், அதனால முதல் வாயையே எதிர்ப்பான். காய் சாப்பிட்டா ஐஸ்கிரீம்னு பேரம் பேசுனாலும் காய் தண்டனை, ஐஸ்கிரீம் பரிசுன்னுதான் மனசுல பதியும். கைய பிடிச்சுக்கிட்டு ஸ்பூனை வாய்கிட்டயே வெச்சு திறக்கற வரைக்கும் எடுக்காம உக்காந்திருக்கற பயிற்சி சில இடத்துல உண்டு, அதைச் செய்யறவங்க எண்ணிக்கையை காட்டி ஜெயிச்சதா சொல்லுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, எனக்கு அஞ்சு வயசுல அப்படி ஊட்டுன முட்டையோட வாசனை இப்பவும் நான் நிக்கற ரூமை விட்டு என்னை வெளிய அனுப்பும்.

மேஜை விஷயம்

இதை சுருக்கமா சொல்லிடறேன். கால் தொங்காம எதுலயாவது ஊனி இருக்கணும், தொங்குற காலோட உக்காந்தா பிள்ளையோட பாதி கவனம் விழாம இருக்கறதுலயே போயிரும். டியூப்லைட், மிக்சி சத்தம், சமையல் வாசனை இதெல்லாம் குறைங்க, சமைக்கிற நேரத்துல பிள்ளை வேற ரூம்ல இருந்தாலே பாதி சண்டை குறையும். அயிட்டம் ஒண்ணை ஒண்ணு தொடாத தடுப்பு தட்டு வாங்குங்க. ரெண்டரை மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பாட்டு நேரம் வைங்க, நடுவுல நாள் பூரா பிஸ்கட்டும் பாலும் ஓடிக்கிட்டு இருந்தா பசிங்கற சிக்னலே வராது. சில பேருக்கு அந்த சிக்னல் உள்ள இருந்து வர்றதே மந்தம், எனக்கு பசின்னா வயிறு கிள்ளாது, கோவம் வரும், தலைவலி வரும். அவங்களுக்கு அலாரம்தான் பசி.

எதை, எப்ப, எங்க வைக்கறதுங்கறது பெரியவங்க வேலை, சாப்பிடறதா வேணாமா, எவ்வளவுங்கறது பிள்ளை வேலைன்னு எல்லன் சாட்டர்னு ஒரு அமெரிக்க டயட்டீஷியன் சொன்ன பிரிவினை ரொம்ப பிரபலம். நல்ல விதிதான், ஆனா ஒரு திருத்தத்தோட: ஒவ்வொரு வேளையும் தட்டுல நிச்சயமா சாப்பிடுற ஒரு அயிட்டம் இருந்தே ஆகணும். அது இல்லாம இந்த விதியை வெச்சா அது நாகரிகமான பட்டினிதான்.

போன், டேப்லட் பாத்துக்கிட்டே சாப்பிடலாமான்னு கேப்பீங்க. புத்தகம் வேணாம்னு சொல்லும். எடை இறங்கிட்டு இருக்கற பிள்ளைக்கு கார்ட்டூன் ஓடுனா நாலு வாய் கூட போகுதுன்னா நான் ஓடவிடுவேன்.

புதுசா ஒண்ணு சேக்கறது

லிஸ்ட்டு ரெண்டு மூணு மாசம் ஆடாம நின்னப்புறம் இதுக்கு வாங்க. வழி ரெண்டு இருக்கு, ரெண்டும் சேந்தே போகலாம்.

ஒண்ணு சங்கிலி. ஏற்கனவே பிடிச்சதுல இருந்து ஒரே ஒரு குணத்தை மட்டும் மாத்தி அடுத்த கண்ணிக்கு போறது. எங்க சங்கிலி இப்படி போச்சு: பாக்கெட் சிப்ஸ், அதே பிராண்டுல வேற வடிவம், வேற பிராண்டு, வீட்ல மெலிசா சீவி வறுத்த உருளைக்கிழங்கு, அதே மாதிரி சீவுன கேரட், கொஞ்சம் தடியா வெட்டி ஓவன்ல வாட்டுன கேரட். ஆறு கண்ணிக்கு ஒன்றரை வருஷம். நடுவுல வேற பிராண்டுல நாலு மாசம் நின்னுச்சு, ஒரு தடவை ரெண்டு படி பின்னாடியும் போனோம். ஆரம்பத்துல நான் பண்ணுன தப்பு, சிப்ஸ்ல இருந்து நேரா வேகவெச்ச கேரட்டுக்கு தாவுனது, கலரும் மாறுது, மொறுமொறுப்பும் போகுது, உப்பும் இல்ல, மூணு குணம் ஒரே நாள்ல மாறுனா அது சங்கிலி இல்ல, பள்ளம்.

இன்னொண்ணு ஏணி. சாப்பிடறதுங்கறது கடைசி படி, அதுக்கு கீழ நிறைய படி இருக்கு: அந்த அயிட்டம் அதே ரூம்ல இருக்கறதை தாங்கறது, மேஜைல இருக்கறது, பக்கத்து தட்டுல, தன் தட்டோட ஓரத்துல, ஸ்பூனால தள்றது, விரலால தொடறது, மோந்து பாக்கறது, உதட்டுல வைக்கறது, நக்கறது, கடிச்சு துப்பறது, அப்புறம்தான் முழுங்கறது. துப்ப ஒரு கிண்ணமோ பேப்பர் நாப்கினோ பக்கத்துல எப்பவும் இருக்கணும், வெளிய வர வழி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் உள்ள போக தைரியம் வரும். இது சாப்பாட்டு நேரத்துல வேணாம், பசியும் பயமும் மோதிக்கும். சாயங்காலம் 10 நிமிஷம் விளையாட்டா, சமைக்கும்போது கழுவ, உரிக்க, நறுக்க விடலாம், கேரட்டால பெயிண்ட் அடிச்சாலும் சரி. சாதாரண பிள்ளைங்களுக்கே புது ருசி பழக 10, 15 தடவை ஆகும்னு சொல்லுவாங்க, நம்ம பிள்ளைங்களுக்கு நான் எண்ணறதை விட்டுட்டேன்.

சாப்பிட்டுட்டா கைதட்டாதீங்க. நல்லா இருக்கான்னும் கேக்காதீங்க. எங்க பையன் முதல் தடவை கேரட்டை முழுங்குன அன்னைக்கு என் மனைவி கண்ணு கலங்கி பாத்ரூமுக்கு போயிட்டாங்க, நான் கிரிக்கெட் ஸ்கோர் பேசிக்கிட்டு இருந்தேன். கேரட்டு மூணு நாள் கழிச்சு திரும்பவும் உள்ள போச்சு.

ஓங்கரிக்கறதை பாத்து பயப்படாதீங்க, அது சத்தத்தோட வரும், தொண்டையை காப்பாத்துற அனிச்சை அது, அமைதியா நின்னு துப்ப விடுங்க. சத்தமே வராம, இருமக்கூட முடியாம, முகம் நீலமாச்சுன்னா அது அடைப்பு, அதுக்கு முதலுதவி தெரிஞ்சு வெச்சிருக்கணும். சின்ன பிள்ளைங்களுக்கு திராட்சையை நீளவாக்குல வெட்டுங்க, முழு கொட்டைப் பருப்பு வேணாம், கேரட்டை பச்சையா உருண்டையா குடுக்காதீங்க.

எடை சரியா இருக்கேன்னு விட்றாதீங்க

இதுலதான் நிறைய பேர் ஏமாறுவாங்க, டாக்டருங்களும். சிப்ஸும் பிஸ்கட்டும் எடையை பிடிச்சு வெச்சிருக்கும், உள்ள சத்து காலியா இருக்கும். 2019-ல இங்கிலாந்துல பிரிஸ்டல் டாக்டருங்க ஒரு 17 வயசு பையனை பத்தி ரிப்போர்ட் போட்டாங்க, வருஷக்கணக்கா வறுத்த உருளைக்கிழங்கு, சிப்ஸ், வெள்ளை பிரெட், பதப்படுத்துன இறைச்சி இவ்வளவுதான் சாப்பாடு, உயரமும் எடையும் சாதாரணம், ஆனா சத்துக்குறையால பார்வை நரம்பு கெட்டு பார்வை போயிருந்துச்சு. வைட்டமின் சி இல்லாம ஸ்கர்வி வந்த ஆட்டிசம் பிள்ளைங்களை பத்தியும் மருத்துவ இதழ்கள்ல பல தடவை வந்திருக்கு, பிள்ளை நொண்டுது, நடக்கமாட்டேங்குது, ஈறுல ரத்தம்னு ஆரம்பிக்கும், எலும்புல என்னமோன்னு ஸ்கேன் எல்லாம் எடுத்து கடைசில பாத்தா பழமே சாப்பிடாததுதான் காரணம்.

அதனால குறுகுன லிஸ்ட்டு உள்ளவங்களுக்கு ரத்த டெஸ்ட் கேளுங்க: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இருக்கற இரும்பு சேமிப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி. பழம் காய் சுத்தமா இல்லன்னா ஏ, சி, துத்தநாகமும். பால் மட்டுமே பிரதானமா ஓடுற சின்ன பிள்ளைக்கு இரும்பு குறையும், நாளைக்கு அரை லிட்டரை தாண்டுனா டாக்டர்கிட்ட சொல்லுங்க. மல்டிவைட்டமின் பொடியா, சொட்டு மருந்தா, ஸ்பிரேயா, மெல்லுற மிட்டாய் மாதிரியா, எதுல வாய் ஒத்துக்குதோ பாருங்க, ஆனா இரும்பு, ஏ, டி இதெல்லாம் அளவுக்கு மேல போனா விஷம், ரெண்டு மூணு பிராண்டை சேத்து குடுக்காதீங்க. மிட்டாய் மாதிரி இருக்கற இரும்பு மாத்திரையை கைக்கு எட்டாம வைங்க. மண்ணு, பேப்பர், பெயிண்ட் சுரண்டல்னு சாப்பாடு இல்லாததை தின்னாலும் டாக்டர்கிட்ட போகணும், இரும்பும் ஈயமும் ரெண்டையும் பாப்பாங்க.

காத்திருக்கக் கூடாத நேரம்: தண்ணி பால்கூட குடிக்கமாட்டேங்கறது, எட்டு பத்து மணி நேரமா சிறுநீர் இல்லாதது, எழுந்தா மயக்கம், கொஞ்ச வாரத்துலயே ரெண்டு மூணு அயிட்டம் லிஸ்ட்டுல இருந்து விழறது, திடீர்னு அடைச்சிரும்னு பயந்து திட உணவையே விட்டது, இருட்டுல கண்ணு தெரியாதது. அஞ்சு நாளைக்கு மேல கிட்டத்தட்ட ஒண்ணுமே உள்ள போகாதவங்களுக்கு வீட்லயே வாரி வாரி ஊட்டாதீங்க, காஞ்ச உடம்புக்கு திடுதிப்புனு சாப்பாடு போனா ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம் மாதிரி தாது உப்புகள் சரிஞ்சு இதயத்துக்கே ஆபத்து, அது ஆஸ்பத்திரில பாத்து பாத்து பண்ணவேண்டிய வேலை.

வீட்ல மத்தவங்க

சொந்தக்காரங்க வந்தா சாப்பாட்டு நேரத்துலதான் எல்லாருக்கும் அறிவுரை ஊறும். "செல்லம் குடுத்து கெடுத்துட்டே"ங்கற வசனம் பெரும்பாலும் அம்மாவை பாத்துத்தான் வரும், அப்பாக்களே, அந்த இடத்துல வாயை திறங்க. நான் ரொம்ப வருஷம் திறக்கல. "டாக்டர் இப்படித்தான் சொல்லியிருக்காரு"ன்னு ஒரு வரி போதும், ஆட்டிசம் வகுப்பெல்லாம் எடுக்கவேணாம். தாத்தா பாட்டிக்கு ஒரு வேலையை குடுத்துருங்க, "இந்த பிரெட்டை ஓரம் வெட்டி குடுங்கம்மா, நீங்க வெட்டுனாத்தான் நேரா வருது"ன்னா அவங்களுக்கும் ஊட்டுன திருப்தி.

கூடப்பிறந்த பிள்ளை "எனக்கு மட்டும் ஏன் காய்"னு கேக்கும், நியாயமான கேள்விதான். அவனுக்கு உடம்பு அப்படி, உனக்கு இப்படின்னு நேரா சொல்லிட்டு அந்த பிள்ளைக்கும் வாரத்துல ஒரு நாள் மெனு தேர்ந்தெடுக்கற உரிமை குடுங்க. எல்லாரும் ஒண்ணா ஒரே மேஜைல உக்காரணும்ங்கறது எனக்கே முடியாது, அடுத்தவங்க மெல்ற சத்தம் காதுக்குள்ள ஊசி மாதிரி இறங்கும். நாங்க காபி நேரத்துல ஒண்ணா உக்காருவோம், சாப்பாட்டை அவங்கவங்க இடத்துல முடிச்சுக்குவோம். குடும்பம் ஒண்ணும் கலையல.

பெரியவங்களான ஆட்டிசம் உள்ளவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தினமும் அதேதான் சாப்பிடறீங்கன்னா அதுக்கு யார்கிட்டயும் மன்னிப்பு கேக்கவேணாம், வருஷத்துக்கு ஒரு ரத்த டெஸ்ட்டு, ஒரு மல்டிவைட்டமின், சமைக்க தெம்பில்லாத நாளுக்கு ஃபிரிட்ஜில ரெடியா நாலு டப்பா, இது இருந்தா ஓடும். சோர்வான வாரத்துல லிஸ்ட்டு தானா சுருங்கும், அப்ப புதுசு எதையும் முயற்சி பண்ணாதீங்க. 10 வயசுக்கு மேல, தனக்கே மாத்திக்கணும்னு ஆசை இருந்தா, ஆர்ஃபிட்டுக்குன்னே வடிவமைச்ச சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியா மாத்தற பேச்சு தெரபி இருக்கு, ஆட்டிசம் தெரிஞ்ச தெரபிஸ்ட்டா பாத்து போங்க.

கடைசியா ஒரு பேப்பர் வேலை. ஸ்கூல், ஆஸ்பத்திரி, பயணம் எல்லாத்துக்கும் ஒரே பக்கத்துல எழுதி வைங்க: எது பாதுகாப்பான அயிட்டம், எந்த பிராண்டு, எது பக்கத்துல வந்தாலே ஓங்கரிக்கும், எந்த டம்ளர், மருந்து எந்த வடிவத்துல போகும், "பசிச்சா சாப்பிடுவான்"னு விடக்கூடாது, டிபன் பாக்ஸ் முழுசா திரும்பி வந்தா திட்டாம போன் பண்ணணும். மூணு மாசத்துக்கு ஒருக்கா தேதி போட்டு திருத்துங்க. எங்க பேப்பரை இப்ப அவனே திருத்தறான், போன தடவை கேரட்டை "எப்பவும்" பத்தில இருந்து "சில நாள்" பத்திக்கு மாத்தி, பக்கத்துல "தடியா வெட்டுனா மட்டும்"னு பென்சில்ல எழுதியிருந்தான்.